எந்த நேரத்துக்கு எந்த மின் நிலையம்?

மே மாதம் வேலூரில் இரவு பத்தரை மணிக்கு மொட்டை மாடிக்குப் போனால் மலைப் பக்கமிருந்து அனல் அடிக்கும். பகல் முழுக்க 40 டிகிரிக்கு மேல் காய்ந்த பாறை ராத்திரியில்தான் சூட்டைத் திருப்பித் தருகிறது. காட்பாடி, சத்துவாச்சாரி, கொணவட்டம் என்று எந்தப் பக்கம் போனாலும் ஏ.சி. ஓடுகிறது. அப்போது ஓடும் வீட்டு மீட்டரும், நவம்பர் மழை நாளின் மதியத்தில் ஓடும் மீட்டரும் ஒரே கணக்கைத்தான் வைக்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்க வருபவர் எத்தனை யூனிட் என்று பார்ப்பார். எந்த நேரத்து யூனிட் என்று யாரும் கேட்பதில்லை.

உற்பத்தி செய்யும் பக்கம் போனால் கதையே வேறு. எந்த நேரம் என்று தெரியாமல் அங்கே எதற்கும் விலை சொல்ல முடியாது. மதிய வெயிலில் விளையும் யூனிட் இரண்டரை ரூபாய்க்குக் கிடைக்கும். கத்திரி வெயில் நாளின் இரவு யூனிட்டுக்கு உண்மையான செலவு முப்பது ரூபாயைத் தாண்டலாம். அது எப்படி என்பதைக் கீழே கணக்குப் போட்டே பார்க்கலாம். எந்த வகை மின் நிலையம், எத்தனை மெகாவாட், எந்த ஆண்டில் கட்டுவது, கட்டியதை எந்த மணி நேரத்தில் ஓட்டுவது என்று முடிவெடுக்க அரசுகளும் மின் வாரியங்களும் பொருளாதார மாடல்களை வைத்திருக்கின்றன. கணினிக்குள் லட்சக்கணக்கான சமன்பாடுகள் ஓடும். ஆனால் அடிப்படை எட்டாம் வகுப்புக் கணக்குதான்.

மெகாவாட்டும் யூனிட்டும்

இரண்டையும் கலந்து பேசுவதால் பலருக்கு இங்கேயே குழப்பம் வந்துவிடும். ஒன்றரை டன் ஏ.சி. ஓடும்போது சுமார் ஒன்றரை கிலோவாட் இழுக்கும். பத்தாயிரம் வீடுகளில் ஒரே நேரத்தில் போட்டால் 15 மெகாவாட். இது அந்த நொடியில் தேவைப்படும் பலம், அதாவது திறன். அந்த ஏ.சி.க்கள் ஒரு மணி நேரம் தொடர்ந்து ஓடினால் 15,000 யூனிட். இது செலவான மின்சாரம். ஒரு மெகாவாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஆயிரம் யூனிட் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும், மீதிக் கட்டுரையைத் தாண்டிவிடலாம்.

சிக்கல் என்னவென்றால், நாம் பணம் கொடுப்பது யூனிட்டுக்கு, மின் வாரியம் கட்ட வேண்டியிருப்பது மெகாவாட்டுக்கு. 2024 கோடையில் தமிழ்நாட்டின் உச்சத் தேவை 20,000 மெகாவாட்டைத் தாண்டியது. அந்த உச்சம் ஆண்டில் சில நாள், அந்த நாட்களிலும் சில மணி நேரம்தான் நிற்கும். அடைமழைக் காலத்து விடியற்காலையில் தேவை எவ்வளவோ இறங்கிவிடும். இருந்தாலும் அந்தச் சில மணி நேரத்துக்கான ஏற்பாட்டை ஆண்டு முழுக்கக் கையில் வைத்திருந்தாக வேண்டும்.

இதைப் பார்க்க வல்லுநர்கள் ஒரு படம் வரைவார்கள். ஆண்டுக்கு 8,760 மணி நேரம். ஒவ்வொரு மணியிலும் தேவை எவ்வளவு என்று எழுதி, அதிகத் தேவையுள்ள மணியை முன்னாலும் குறைந்த தேவையுள்ளதைக் கடைசியிலும் நிறுத்துவார்கள். பள்ளிக்கூடத்து பிரேயர் வரிசைக்கு நேர் எதிர், இங்கே நெட்டையர்கள்தான் முன்னால். நாள், மாதம் எல்லாம் கலைந்துபோய் ஒரு சரிவு மட்டும் தெரியும். இடது முனையில் செங்குத்தாக ஒரு கொம்பு, அப்புறம் மெதுவாக இறங்கும் நீண்ட முதுகு. காசைத் தின்பது அந்தக் கொம்பு. அதை எப்படிச் சமாளிப்பது என்பதுதான் பாதி மாடல்.

கட்டும் செலவும் ஓட்டும் செலவும்

இனி எண்களோடு பார்க்கலாம். கணக்குக்காக நான் வைத்த சுற்றெண்கள் இவை, உண்மை நிலவரத்துக்குப் பக்கத்தில் இருக்கும்.

நிலக்கரி நிலையம் கட்ட மெகாவாட்டுக்கு எட்டு கோடி ரூபாய் என்று வைப்போம். வட்டியோடு 25 ஆண்டுக்குப் பிரித்து, பராமரிப்பும் சம்பளமும் சேர்த்தால் ஆண்டுக்கு மெகாவாட்டுக்கு ஒரு கோடி. ஓடினாலும் ஓடாவிட்டாலும் இந்த ஒரு கோடி போய்க்கொண்டே இருக்கும். ஓடும்போது யூனிட்டுக்கு மூன்றரை ரூபாய் எரிபொருள். இன்னொரு பக்கம், சென்னை பேசின் பிரிட்ஜில் இருப்பதுபோல நாப்தாவிலோ எரிவாயுவிலோ ஓடும் டர்பைன். கட்டுவது மலிவு, ஆண்டுக்கு மெகாவாட்டுக்கு 40 லட்சம் போதும். ஓட்டினால்தான் கையைக் கடிக்கும், யூனிட்டுக்கு 12 ரூபாய்.

எதைக் கட்டலாம்? ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் ஓடப்போகிறது என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது. நிலக்கரிக்கு நிலையான செலவு 60 லட்சம் கூடுதல். ஆனால் ஓடும் ஒவ்வொரு மணிக்கும் ஒரு மெகாவாட்டில் 8,500 ரூபாய் மிச்சம். அறுபது லட்சத்தை 8,500-ஆல் வகுத்தால் சுமார் 706. ஆண்டில் 706 மணிக்கு மேல் தேவைப்படும் மெகாவாட்டுக்கு நிலக்கரி லாபம், அதற்குக் கீழே என்றால் டர்பைன் லாபம். 706 மணி என்பது சராசரியாக ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம்கூட இல்லை. முன்பு வரைந்த சரிவில் 706 என்ற இடத்தில் ஒரு கோடு போட்டால், கோட்டுக்கு இடப்பக்கம் நிற்கும் கொம்பு டர்பைனுக்கு, மீதி முதுகு நிலக்கரிக்கு. ஆண்டுக்கணக்கில் திட்டம் போடுகிறவர்கள் கணினி வருவதற்கு முன்னாலேயே இந்தக் கோட்டை ஸ்கேலும் பென்சிலும் வைத்துப் போட்டார்கள்.

இப்போது அந்த முப்பது ரூபாய்க்கு வருவோம். ஆண்டில் 200 மணி நேரம் மட்டும் ஓடும் டர்பைன் மெகாவாட் ஒன்று இரண்டு லட்சம் யூனிட் தரும். நிலையான செலவு 40 லட்சத்தை அதன் தலையில் பிரித்தால் யூனிட்டுக்கு 20 ரூபாய், எரிபொருள் 12, ஆக மொத்தம் 32. 'அவ்வளவா? நிலக்கரியையே வைத்திருக்கலாமே' என்று தோன்றும். அதே 200 மணிக்கு நிலக்கரியை வைத்தால் யூனிட் 53 ரூபாய் 50 காசு. அந்த நிலக்கரி நிலையமே ஆண்டுக்கு 7,000 மணி ஓடினால் யூனிட் ஐந்து ரூபாய்க்கும் கீழே. இயந்திரமும் அதே, கரியும் அதே, மாறியது மணி நேரம் மட்டும். ஒரு மின் நிலையத்தைப் பற்றி 'யூனிட் இன்ன விலை' என்று யாராவது ஒற்றை எண்ணைச் சொன்னால், எத்தனை மணி நேரத்துக்கு என்று கேட்காமல் நம்பாதீர்கள்.

கட்டி முடித்த பிறகு

கட்டியதை எந்த நேரத்தில் ஓட்டுவது என்பது தனிக் கேள்வி. இந்தியாவில் ஒரு நாளை 15 நிமிடத் துண்டுகளாகப் பிரித்து 96 துண்டுகளாகப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் யார் எவ்வளவு தர வேண்டும் என்று மாநிலச் சுமை அனுப்பு மையம் திட்டம் போடுகிறது. விதி சுலபமானது: கட்டிய செலவை மறந்துவிடு, ஓட்டும் செலவு குறைந்ததை முதலில் கூப்பிடு. போட்ட முதல் போனது போனதுதான், இன்றைய முடிவு அதைத் திருப்பித் தரப்போவதில்லை.

சூரிய ஒளிக்கும் காற்றுக்கும் எரிபொருள் செலவு இல்லாததால் அவை முதலில் வரும். அடுத்து அணுமின் நிலையங்கள். நெய்வேலியில் சுரங்கத்துக்குப் பக்கத்திலேயே நிலையம் இருப்பதால் பழுப்பு நிலக்கரிக்குப் போக்குவரத்துச் செலவு கிடையாது. ஒடிசாவில் வெட்டும் கரியோ பாராதீப் துறைமுகம் வரை ரயிலில் வந்து, கப்பல் ஏறி, எண்ணூரில் இறங்குகிறது. மேட்டூர் என்றால் அதற்கப்புறமும் ரயில். வழிச்செலவு ஏற ஏற வரிசையில் பின்னுக்குப் போவார்கள். கடைசியாகக் கூப்பிடப்படும் நிலையத்தின் எரிபொருள் செலவுதான் அந்தத் துண்டு நேரத்தில் இன்னொரு யூனிட்டின் விலை. அதுவும் போதாவிட்டால் மின் சந்தையில் வாங்க வேண்டும். அங்கே யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். கோடை இரவுகளில் விலை அந்தக் கூரையில் போய் முட்டிக்கொண்டு நிற்பதும், கொடுக்க ஆள் இல்லாமல் கேட்டவருக்குக் கிடைக்காமல் போவதும் உண்டு.

இதில் ஒரு முரண்டு இருக்கிறது. நிலக்கரி நிலையத்தை மதியம் அணைத்துவிட்டு மாலையில் பற்றவைக்க முடியாது. கொதிகலன் ஆறி மறுபடி சூடேற வெகுநேரம் பிடிக்கும், எண்ணெயும் செலவாகும். அதனால் மதியம் வெயில் கொட்டும்போதும் அது பாதித் திறனுக்குச் சற்று மேலே ஓடிக்கொண்டிருக்கும். மாலை ஆறு மணிக்கு வேண்டும் என்பதற்காக நண்பகல் பன்னிரண்டுக்கும் அதற்குத் தீனி போட வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு மணி நேரத்தையும் தனித்தனியாகப் பார்த்து முடிவெடுக்க முடியாது என்பது இங்கேதான் புரிகிறது.

இன்றைக்கும் நாளைக்கும் நடுவே

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரான்ஸில் மின்சாரம் அரசு நிறுவனமானபோது, பியர் மாஸே, மார்செல் புவாத்தோ என்ற இருவர் இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டார்கள். மாஸே முதலில் மண்டையை உடைத்துக்கொண்டது அணையைப் பற்றி. இன்றைக்குத் தண்ணீரைத் திறந்து மின்சாரம் எடுத்தால் நாளைக்கு இருக்காது. அப்படியென்றால் இன்று திறக்கும் தண்ணீரின் விலை என்ன? தண்ணீர் இலவசம் என்று சொல்லிவிடலாம். ஆனால் நாளைக்கு அது எந்த எரிபொருளை மிச்சப்படுத்தியிருக்குமோ, அதன் விலைதான் இன்றைய தண்ணீரின் விலை. புவாத்தோ 1949-ல் உச்ச நேரத்து விலை பற்றி எழுதினார். திறன் முழுக்க நிரம்பாத நேரத்தில் வாங்குகிறவர் எரிபொருள் செலவை மட்டும் கொடுத்தால் போதும், நிரம்பி வழியும் நேரத்தில் வாங்குகிறவர்தான் கட்டிய செலவையும் சுமக்க வேண்டும் என்பது சாரம். நாம் மேலே 32 ரூபாய் என்று கண்டது இதைத்தான். ஆம்பூரிலோ ராணிப்பேட்டையிலோ உயரழுத்த இணைப்பு வைத்திருக்கும் தொழிற்சாலையின் பில்லைப் பார்த்தால், உச்ச நேரத்துக்குக் கூடுதல் கட்டணமும் இரவுக்குச் சிறு தள்ளுபடியும் இருக்கும். புவாத்தோவின் கை அதுவரை நீண்டிருக்கிறது. வீட்டு மீட்டர் வரை நீளவில்லை.

அதே காலத்தில் லீனியர் புரோகிராமிங் என்ற கணித முறை வந்தது. அமெரிக்காவில் டான்ட்ஸிக் 1947-ல் அதற்கு ஒரு தீர்வு வழி கொடுத்தார். முறை இதுதான்: குறைக்க வேண்டியது ஒன்றை எழுதிக்கொள், இங்கே அது மொத்தச் செலவு. மீறக்கூடாத நிபந்தனைகளை எழுதிக்கொள். ஒவ்வொரு மணியிலும் உற்பத்தி தேவையைத் தொட வேண்டும், எந்த நிலையமும் தன் திறனுக்கு மேல் ஓடக்கூடாது, அணையில் இருப்பதற்கு மேல் தண்ணீர் திறக்கக்கூடாது, இத்யாதி. பிறகு கணினியிடம் விட்டுவிடு. ஒவ்வொரு நிபந்தனைக்கும் ஒரு விலையையும் சேர்த்தே அது சொல்லும். 'இந்த மணியில் தேவை ஒரு யூனிட் குறைந்தால் உனக்கு இவ்வளவு மிச்சம்' என்று. என்னைக் கேட்டால், எத்தனை மெகாவாட் கட்டலாம் என்ற பதிலைவிட இந்த விலைப் பட்டியல்தான் சுவாரஸ்யம். எந்த மணி நேரம் வலிக்கிறது என்று அது காட்டிக்கொடுத்துவிடும்.

அணைக் கணக்கு நம் பக்கத்திலும் உண்டு. கோவை மாவட்டத்துக் காடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று நிலையம் 1980-களின் கடைசியிலிருந்து இயங்குகிறது. மலிவான நேரத்தில் கீழ் அணைத் தண்ணீரை மேலே ஏற்றி, விலை ஏறிய நேரத்தில் இறக்கி மின்சாரம் எடுப்பார்கள். நான்கு யூனிட் செலவழித்தால் மூன்றுதான் திரும்பும், ஆனாலும் லாபம். ஏற்றிய நேரத்துக்கும் இறக்கிய நேரத்துக்கும் இடையே விலை அவ்வளவு வேறுபடுகிறது.

மணிக்கணக்கு இப்படி என்றால் ஆண்டுக்கணக்கில் வட்டி விகிதம் வந்து உட்காரும். இருபது ஆண்டு கழித்துச் செலவாகப்போகும் நூறு ரூபாய்க்கு இன்றைக்கு எவ்வளவு எடுத்து வைக்க வேண்டும்? பத்து சதவீத வட்டியில் சுமார் 15 ரூபாய், ஐந்து சதவீதத்தில் சுமார் 38 ரூபாய். சோலாருக்கு ஏறக்குறைய எல்லாச் செலவும் முதல் நாளே. நிலக்கரிக்குப் பாதிக்கு மேல் வருங்காலத்துக் கரிச் செலவு. வட்டியைக் கூட்டினால் நாளைய கரி சல்லிசாகத் தெரியும், குறைத்தால் சோலார் முந்தும். மாடல் தந்த முடிவு என்று ஒரு அறிக்கை வந்தால் நான் முதலில் தேடுவது எந்த வட்டி போட்டார்கள் என்பதைத்தான். பல நேரம் அது பின்னிணைப்பில் ஒளிந்திருக்கும்.

கட்ட ஆகும் காலமும் இதோடு சேரும். சோலார் ஓரிரு ஆண்டில் எழும்பிவிடும். அனல் மின் நிலையத்துக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் பிடிக்கும். ஆகவே 2030-ன் இரவுத் தேவையை 2024-லேயே ஊகித்தாக வேண்டும், ஊகம் தப்பினால் திருத்த வழி குறைவு.

கிணற்றடியில் ஒரு பேட்டரி

வட ஆற்காட்டுக்காரர்களுக்கு நன்றாகப் புரியும் உதாரணம் பம்ப்செட். ஐந்து எச்.பி. மோட்டார் ஓடும்போது சுமார் நான்கு கிலோவாட் இழுக்கும். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேல் விவசாய இணைப்புகள் இருக்கின்றன. பத்தில் ஒருவர் இரவு உச்ச நேரத்தில் மோட்டார் போடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு லட்சம் மோட்டார், 800 மெகாவாட். வடசென்னையில் 2024-ல் தொடங்கிவைத்த புதிய அலகின் திறனே 800 மெகாவாட்தான்.

அந்த இரண்டு லட்சம் பேரும் மதியத்துக்கு மாறினால் பயிருக்கு ஒன்றும் ஆகாது. தொட்டியில் ஏறிய தண்ணீருக்குத் தன்னை ஏற்றிய கரண்ட் பகலுடையதா ராத்திரியுடையதா என்று தெரியாது. டர்பைன் கணக்கில் பார்த்தால் 800 மெகாவாட்டுக்கு மெகாவாட்டுக்கு 40 லட்சம் வீதம், ஆண்டுக்கு 320 கோடி ரூபாய் மிச்சம், எரிபொருள் தனி. மாடலில் மும்முனை மின்சாரத்தை எந்த நேரத்தில் விடுவது என்பதை ஒரு மாறியாக வைத்து ஓட்டினால், கணினி அதைப் பிடித்து வெயில் நேரத்தில் உட்கார வைத்துவிடும். விவசாயிகளும் இதைத்தான் வெகுகாலமாகக் கேட்கிறார்கள். "ராத்திரில வரப்புல பாம்பு கெடக்குது, பகல்லயே கரண்ட்ட விடுங்க சாமி" என்பது காவேரிப்பாக்கம் பக்கத்திலும் சோளிங்கர் பக்கத்திலும் கேட்டுப் பழகிய குரல். கணினியும் குடியானவரும் ஒரே முடிவுக்கு வருவது அபூர்வம், இங்கே வந்திருக்கிறார்கள்.

ஆனால் பாலாற்றில் தண்ணீர் ஓடினாலே செய்தியாகிவிடும் ஊர் இது. இலவச மின்சாரம் பகல் முழுக்கக் கிடைத்தால் நிலத்தடி நீர் இன்னும் ஆழத்துக்குப் போகும். மின்சாரத்துக்கான மாடலில் கிணற்று நீர்மட்டத்துக்குச் சமன்பாடு இருக்காது. இல்லாத சமன்பாட்டின் விலை அதற்குப் பூஜ்ஜியம்.

கரண்ட் இல்லாததற்கு என்ன விலை?

2012-ஐ நம் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. சென்னையில் ஓரிரு மணி நேரம் கரண்ட் போனபோது, வெளி மாவட்டங்களில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் போனது. தொழிற்சாலைகளுக்கான மின் வெட்டு அதற்கும் முன்னால், 2008-லேயே தொடங்கிவிட்டது. திறன் திட்டமிடலில் தேவை வேகமாக ஏற, கட்டுமானம் தாமதமானால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது.

மாடலில் இதற்கும் ஓர் இடம் உண்டு. தேவையை முழுக்கத் தொட முடியாவிட்டால் மீதியை வெட்டிக்கொள்ளலாம் என்று அனுமதித்து, வெட்டும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் அபராதமாக ஒரு விலை வைப்பார்கள். அபராதம் 20 ரூபாய் என்றால், 32 ரூபாய்க்கு டர்பைன் ஓட்டுவதைவிட வெட்டுவது மேல் என்று கணினி சொல்லும். 100 ரூபாய் என்றால் டர்பைனைக் கட்டு என்று சொல்லும். அப்படியானால் அந்த எண்ணை யார் வைப்பது? தொழிற்சாலைகளைப் பார்த்து ஊகிக்கலாம். ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிற்சாலைகள் கரண்ட் போனால் டீசல் ஜெனரேட்டரைப் போடும். ஒரு லிட்டர் டீசலில் மூன்றிலிருந்து மூன்றரை யூனிட் வரும். இன்றைய டீசல் விலைக்கு யூனிட் 25 ரூபாய்க்கு மேல் ஆகிறது. அதைக் கொடுத்தும் இயந்திரத்தை ஓட்டுகிறார்கள் என்றால், கரண்ட் இல்லாமல் நிற்பது அவர்களுக்கு அதைவிடச் செலவு.

குடியாத்தத்தில் லுங்கி நெய்யும் விசைத்தறிக்காரரிடம் ஜெனரேட்டர் இல்லை. தறி நின்றால் அன்றைய கூலி நிற்கும். அவர் டீசல் வாங்கவில்லை என்பதால் அவருக்கு நஷ்டம் குறைவு என்று எடுத்துக்கொண்டால் கணக்கு சரியாகவும் நியாயம் தப்பாகவும் இருக்கும். வெட்டை எந்த ஊருக்கு எவ்வளவு பங்கு பிரிப்பது என்பதை மாடல் கேட்பதே இல்லை. மாநிலம் முழுக்க அதற்கு ஒரே தேவை, ஒரே எண். 2012-ல் சென்னைக்கும் வேலூருக்கும் இருந்த வித்தியாசம் எந்தச் செலவுக் கணக்கிலிருந்தும் வந்ததல்ல. அது வேறு எங்கோ எடுத்த முடிவு.

அந்தப் பஞ்சத்துக்குக் கம்பியும் ஒரு காரணம். வடக்கிலும் மேற்கிலும் மின்சாரம் மிஞ்சினாலும் தெற்குக்குக் கொண்டுவரப் போதிய வழி இல்லை. தென் மாநிலங்களின் மின் கட்டமைப்பு 2013 டிசம்பர் 31 அன்றுதான் ரெய்ச்சூர்-சோலாப்பூர் பாதை வழியாக நாட்டின் மற்ற கட்டமைப்போடு ஒரே சீராக இணைந்தது. காட்பாடிக்குப் பக்கத்தில் பொன்னையாற்றங்கரைத் திருவலத்தில் 765 கிலோவோல்ட் துணை மின் நிலையம் இருக்கிறது. கர்நூல் பக்கமிருந்து வரும் உயரழுத்தப் பாதை அங்கே வந்து சேர்கிறது. மாடல் அந்தப் பாதையை 'இதற்கு மேல் போகாது' என்ற ஒற்றை எண்ணாகப் பார்க்கும். அந்த எண்ணைக் கூட்டுவது சில சமயம் புது மின் நிலையத்தைவிட மலிவு.

ராணிப்பேட்டைக்கு என்ன சம்பந்தம்?

மத்திய மின்சார ஆணையம் 2023 ஏப்ரலில் இப்படி ஒரு மாடலை ஓட்டி, 2029-30-ல் நாட்டுக்கு எந்தக் கலவையில் மின் நிலையங்கள் வேண்டும் என்று அறிக்கை தந்தது. மொத்தம் சுமார் 777 ஜிகாவாட் (ஒரு ஜிகாவாட் என்பது ஆயிரம் மெகாவாட்), அது போகப் பேட்டரி 41 ஜிகாவாட்டுக்கு மேல். அதே ஆண்டு நவம்பரில், இரவுத் தேவை ஏறுவதைக் காரணம் காட்டி, 2031-32-க்குள் இன்னும் 80 ஜிகாவாட் நிலக்கரி வேண்டும் என்று மத்திய அரசு அறிவித்தது. ராணிப்பேட்டை பெல் தொழிற்சாலை செய்வது அனல் மின் நிலையக் கொதிகலனின் துணைக் கருவிகள்: பெரிய விசிறிகள், காற்றைச் சூடேற்றும் கருவிகள், புகையிலிருந்து சாம்பலைப் பிடிக்கும் அமைப்புகள். சுற்றுப்பட்டில் அதை நம்பி இருக்கும் ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் ஏராளம். டில்லியில் ஒரு மாடல் என்ன விடை சொல்கிறது என்பது அந்தப் பட்டறைகளுக்கு ஓவர்டைம் உண்டா இல்லையா என்ற விஷயம்.

அந்த விடை எவ்வளவு நிலையானது என்று நம் கணக்கிலேயே பார்த்துவிடலாம். 2022-ல் நடந்த பெரிய பேட்டரி ஏலத்தில் இரண்டு மணி நேரம் தாங்கும் பேட்டரிக்கு மெகாவாட்டுக்கு மாத வாடகை சுமார் 10.8 லட்சம் ரூபாய், ஆண்டுக்கு 1.3 கோடி. 2024 நடுவில் குஜராத்தில் அது சுமார் 3.7 லட்சம், ஆண்டுக்கு 44 லட்சம். பகல் சோலாரில் நிரப்பி இரவில் எடுத்தால், இழப்புடன் சேர்த்து யூனிட்டுக்கு மூன்று ரூபாய். தினமும் இரண்டு மணி நேரம், ஆண்டுக்கு 730 மணி ஓடினால் மொத்தச் செலவு ஒரு மெகாவாட்டுக்கு 66 லட்சம். அதே 730 மணிக்கு டர்பைன் 1.28 கோடி, நிலக்கரி 1.26 கோடி. 2022 வாடகையில் தோற்ற பேட்டரி, இரண்டே ஆண்டில் இருவரையும் பாதி விலைக்கு வீழ்த்துகிறது.

ஆனால் நம் ஊர்க் கோடை இரவு இரண்டு மணி நேரத்தில் முடிவதில்லை. ஏழு மணிக்கு ஏறும் ஏ.சி. லோடு நள்ளிரவைத் தாண்டியும் இறங்காது. ஆறு மணி நேரம் வேண்டுமென்றால் மூன்று பேட்டரி. வாடகையும் சோலாரும் சேர்த்து ஆண்டுக்குச் சுமார் 2 கோடி. அதே 2,190 மணிக்கு நிலக்கரி 1.77 கோடி. இப்போது நிலக்கரி முந்துகிறது. திருப்புமுனை எங்கே என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டால், மாத வாடகை மூன்று லட்சத்தை ஒட்டி வரும். அடுத்தடுத்த ஏலங்களில் வாடகை மூன்று லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. அரசு உதவித்தொகை சேர்ந்த விலை என்பதையும் சொல்ல வேண்டும். கூடவே, என் கணக்கில் நிலக்கரி நிலையம் மற்ற நேரத்தில் ஓடிச் சம்பாதிப்பதைச் சேர்க்கவில்லை, அதன் புகையால் வரும் செலவையும் சேர்க்கவில்லை.

பேட்டரிக்கு இன்னொரு சோதனை ஐப்பசியில் வரும். புயல் சின்னம் உருவாகி நான்கைந்து நாள் வெயிலே தலைகாட்டாவிட்டால் அதை எதை வைத்து நிரப்புவது? காற்றாலைப் பருவமும் அதற்குள் முடிந்திருக்கும். ஆகவே அந்த வாரத்துக்கென்று ஏதோ ஒன்று கைவசம் இருந்தாக வேண்டும், ஆண்டில் மிகக் கொஞ்ச மணி நேரமே ஓடினாலும். ஆண்டுக்கு ஒரு கோடி நிலையான செலவுள்ள புது நிலக்கரி நிலையத்தை இதற்காகக் கட்டினால் என்ன ஆகும் என்பதை 53 ரூபாய் கணக்கில் பார்த்தோம். 1987-க்கும் 1990-க்கும் இடையில் வந்த மேட்டூரின் 210 மெகாவாட் அலகுகள் போன்றவற்றுக்குக் கட்டிய கடன் எப்போதோ அடைந்துவிட்டது, பராமரிப்புதான் செலவு. அவற்றை மூடாமல் காத்திருப்பில் வைத்திருப்பது மலிவு என்று அடுத்த முறை மாடல் சொல்ல நல்ல வாய்ப்பு இருக்கிறது. அப்படிச் சொன்னால் ராணிப்பேட்டைக்கு வரும் ஆர்டரில் புதுக் கருவிகள் குறையும், பழைய கருவிகளுக்கான உதிரி பாகங்கள் கூடும்.